ஊருணி, கண்மாய், நடுகல்: சிற்றூர்ப் பாதுகாப்புக் குழுக்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கண்மாயைத் தூர்வார, பனை விதைக்க, கேட்பாரற்றுக் கிடக்கும் கல்வெட்டைக் காக்க என்று குழுக்கள் சேர்ந்தபடி இருக்கின்றன. அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே வரி: ஜேசிபிக்குச் சொல்லி அனுப்பும் முன் ஒரு குறிப்பேடு வாங்குங்கள்.

ஊருணி, கண்மாய், ஏந்தல்... பேருதான் வேற, எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. கண்மாய் பாசனத்துக்கானது. ஒரு பக்கம் மட்டும் பிறை போலக் கரை இருக்கும். எதிர்ப்பக்கம் மழைநீர் ஓடிவரும் சரிவு. வயலுக்கு நீர் திறந்துவிடக் கரையில் மடைகள், மிஞ்சிய நீர் வெளியேறக் கலுங்கு. ஏந்தலும் தாங்கலும் அதே வேலையைச் செய்யும் சிறியவை. ஊருணி குடிநீருக்காக வெட்டியது. படித்துறை இருக்கும், மடை இருக்காது. கோவில் தெப்பக்குளம் தனி ரகம்.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. பழுதுபார்க்கும் முறையும் பொறுப்பாளரும் மாறுவார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம். அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி பெரும்பாலும் ஊராட்சி அல்லது பேரூராட்சியின் பொறுப்பு. தெப்பக்குளத்துக்குக் கோவில் நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும்.

குழு ஆரம்பிச்சுட்டோம். இந்த ஞாயித்துக்கிழமையே தூர்வாரப் போலாமா?

போகலாம், கையில் மண்வெட்டி இல்லாமல். முதல் வேலை, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்ப்பது. நல்ல மழை பெய்த மறுநாள் நடந்தால் தண்ணீரே வழி காட்டும். எங்கே பாலத்துக்கடியில் குப்பை அடைத்திருக்கிறது, எங்கே சாலையை உயர்த்தியபோது குழாய் போடாமல் விட்டார்கள், எங்கே வீட்டுமனைக்காரர் வாய்க்காலை மூடியிருக்கிறார் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறியுங்கள். பிறகு கரை மேல் நடந்து மடை எத்தனை, எது வேலை செய்கிறது, கலுங்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

வரத்துக்கால் அடைந்த கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வராது. நாம் பார்க்கிற தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கையால் செய்யும் வேலைக்குப் பலன் அதிகம் கிடைப்பதும் வரத்துக்காலில்தான். அடைபட்ட ஒரு பாலத்தைத் திறக்கப் பத்துப் பேரும் அரை நாளும் போதும்.

நம்ம ஊர்க் கண்மாய். அனுமதி எதுக்கு?

ஊரே பார்த்துக்கொண்ட காலம் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. இன்றைக்குக் கண்மாய் அரசின் நீர்நிலைப் புறம்போக்கு. அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனால் அதற்குப் பெயர் மண் திருட்டு; வழக்கு குழுவின் பேரில்தான் வரும்.

பொறுப்பான அலுவலகத்துக்கு (முதல் கேள்வியைப் பாருங்கள்) எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும். சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் கொண்டுவர வேண்டும்.

வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்ற தலைவலிக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

எவ்வளவு ஆழம் தோண்டலாம்? ஆழமா வெட்டினா தண்ணி நிறைய நிக்கும்ல?

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் எடுத்தால் 43,560 கன அடி மண். ஒரு யூனிட் 100 கன அடி. டிராக்டர் டிப்பரில் ஒரு யூனிட் ஏறும் என்று வைத்தால் சுமார் 436 நடை. பதிலுக்குக் கிடைப்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர் நீருக்கான இடம். பணம் திரட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஆழத்துக்கு இரண்டு எல்லைகள். ஒன்று, மடையின் அடிமட்டம். அதற்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், அவ்வளவுதான். இரண்டாவது, அடியில் படிந்த களி. பல தலைமுறையாகப் படிந்த அந்தக் களிதான் நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதைக் கிழித்துச் சரளையோ மணலோ தெரியும்வரை வெட்டினால் கண்மாய் சல்லடையாகிவிடும். கார்த்திகையில் நிறைந்தது தை பிறக்கும் முன் வற்றுகிறது என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். வேலை தொடங்கும் முன் நாலைந்து இடத்தில் முழங்கால் ஆழக் குழி போட்டு, எத்தனை அங்குலம் வண்டல், எத்தனை அங்குலம் களி என்று அளந்து பாருங்கள். களி வரும்போது நிறுத்த வேண்டும் என்பது வண்டி ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு மணிக்கணக்கில் கூலி. நீங்கள் சொல்லாவிட்டால் வெட்டிக்கொண்டேதான் இருப்பார்.

கரையின் உள்ளடியை ஒட்டி மண் எடுக்கவே கூடாது. அடி பறிபோன கரை மழையில் சரியும். எவ்வளவு தள்ளி வெட்டலாம் என்று பொறியாளரைக் கொண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிக்குது. ஜேசிபி திரும்ப இடைஞ்சலா இருக்கு, எடுத்துடலாமா?

தொடாதீர்கள். அது குமிழி மடை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு தூண், இடையில் குறுக்குக் கல். தூணுக்கு நேர் கீழே கல்லால் ஆன தொட்டி. அதன் மூடுகல்லில் ஒரு துளை, பக்கத்தில் அடிமட்டத்தில் சிறு துளைகள். மேல்துளை நீரோடி, கீழ்த்துளைகள் சேறோடி. மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் மேலிருந்து நீரும் கீழிருந்து சேறும் ஒன்றாகத் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கடியில் போகும் கல்வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். கண்மாய் தண்ணீர் கொடுக்கும்போதே கொஞ்சம் சேற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தச் சேறு வயலுக்கு உரம்.

பெரும்பாலும் தூண் மட்டும் வெளியே தெரியும், தொட்டி வண்டலில் புதைந்திருக்கும். சுற்றி நாலு மீட்டருக்கு இயந்திரத்தை விடாமல் கயிறு கட்டி, உள்ளே கையால் மண் எடுங்கள். தூணின் நான்கு முகத்தையும் பாருங்கள். மடை வைத்தவர் பெயரைத் தூணில் வெட்டும் வழக்கம் இருந்தது. எழுத்து தெரிந்தால் கீழே கல்வெட்டு பற்றிய பதிலைப் பாருங்கள்.

கலுங்கை ஒரு அடி உசத்துனா ஒரு அடி தண்ணி கூட நிக்குமே?

நிற்கும். மேலே உள்ளவர் வயலும் முழுகும், கரை தாங்காமல் உடையவும் செய்யும். கலுங்கு மட்டத்தை வைத்துத்தான் கரையின் உயரமே. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாக நிற்கும் கற்கள் பருவத்தின் கடைசியில் பலகையும் மண்ணும் வைத்துத் தற்காலிகமாக அடைக்க. பெருமழை வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். சிமெண்டு போட்டு நிரந்தரமாக அடைப்பது வேறு. அதை ஒருபோதும் ஊர்க்குழு முடிவில் செய்யாதீர்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டி வெட்டி ஓஞ்சு போயிட்டோம். திரும்பத் திரும்ப வருதே?

வெட்டுவதால்தான் வருகிறது. தண்டை அறுத்தால், மண்ணை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்க்கும் பகுதி போகத் தரைக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டி வேரை அறுக்க வேண்டும், அல்லது மண் ஈரமாக இருக்கும்போது இயந்திரத்தால் வேரோடு பிடுங்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது விறகு. தூரை அப்படியே விட்டுவிடுவார். ஒப்பந்தத்தில் "வேரோடு அகற்றி, குழியைச் சமன்படுத்தித் தர வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதோடு முடியாது. இனிப்பான காய்களை ஆடு மாடு தின்னும், விதை சாணியிலும் புழுக்கையிலும் முழுசாக வெளியேறி முளைக்கும். முதல் மழைக்குப் பின் விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிட வேண்டும். இதை மூன்று வருடமாவது விடாமல் செய்யுங்கள். நாட்டுக் கருவேலத்தைத் தவறிப் பிடுங்கிவிடாதீர்கள்: அதன் பூ பஞ்சுருண்டை போல் உருண்டை, காய் மணி கோத்தது போல் இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிர்.

ஆகாயத்தாமரையை எடுத்துக் கரையில போட்டோம். ஒரே மாசத்துல பழையபடி!

இரண்டு தவறு நடந்திருக்கும். தண்ணீர் ஓரத்திலேயே குவித்ததால் மழையில் மறுபடி உள்ளே போயிருக்கும். அல்லது மூலை முடுக்கில் கொஞ்சம் விட்டிருப்பீர்கள். சாதகமான சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிக்கும் செடி அது. பூக்கும் முன் எடுங்கள், கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். சாக்கடை கலப்பது நிற்காத வரை எதுவும் நிரந்தரமில்லை; அதுதான் அதற்குச் சாப்பாடு. நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே கதைதான். ஒரு துண்டுத் தண்டு போதும் வேர்விட.

பனை விதை ஆயிரம் நட்டோம், ஒண்ணுகூட முளைக்கல. ஏன்?

எத்தனை மாதம் ஆயிற்று? பனை மேலே எட்டிப் பார்க்கும் முன் கீழே போகும். கொட்டையிலிருந்து வரும் முளை ஆழமாக மண்ணுக்குள் இறங்கி, அங்கேதான் கிழங்கும் கன்றும் உருவாகும். முதல் ஓலை வெளியே தெரியப் பல மாதம் ஆகலாம். முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பதே பல கன்றுகளுக்கு எமன்.

ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையைச் சதை நீக்கி எடுத்து, ஒரு அடிக் குழியில், பத்தடிக்கு ஒன்றாக நடுங்கள். கரையின் வெளிச்சரிவோ ஓரமோ நல்லது. நடந்து போகும் கரை உச்சியில் நட்டால் வண்டி ஏறிச் சாகும். கிழங்குக்காகப் பாத்தியில் குவித்து முளைக்க வைத்ததைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். காய்க்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், ஆணா பெண்ணா என்பதும் பூத்த பிறகே தெரியும். ஆயிரம் நட்டோம் என்று படம் போடுவதைவிட, நட்டதற்கு நாலாம் வருடம் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பனை தவிர என்ன மரம் வைக்கலாம்? அரசமரம் வச்சா புண்ணியம்னு சொல்றாங்க.

புண்ணியம்தான், ஆனால் கரையிலும் மடையிலும் வேண்டாம். அரசு, ஆல், அத்தி வேர் கட்டுமானத்தின் இடுக்கில் நுழைந்து கல்லைப் பிளந்துவிடும். அவற்றுக்கு ஊர்ப் பொதுவிடம் பாருங்கள். கண்மாய் உள்வாயில் நீர் நின்றாலும் தாங்குவது நாட்டுக் கருவேலமும் நீர்மருதும். கரைச் சரிவில் நொச்சி, வெட்டிவேர். வெளியே புங்கன், நாவல், இலுப்பை. இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடவு. தண்ணீர் ஊற்றுவதைவிட ஆட்டிடமிருந்து காப்பதுதான் பெரிய வேலை; முள்கட்டு இல்லாமல் ஒரு கன்றும் வைக்காதீர்கள்.

ஊருணித் தண்ணியை இன்னிக்கும் குடிக்கலாமா?

சில ஊர்களில் குடிக்கிறார்கள், ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்போ ஃபுளோரைடோ அதிகம் என்பதால். தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு, கொதிக்க வைத்தே குடியுங்கள். மாடு இறங்காமல் வேலி, துணி துவைக்க வேறு இடம், வரத்து வாயில் வண்டல் தங்க ஒரு தொட்டி: இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீன்பிடித் திருவிழாவில ஆப்பிரிக்கக் கெளுத்தி நிறைய மாட்டுது. சின்னதைத் திரும்ப விட்டுடலாமா?

வேண்டாம், ஒன்றைக்கூட. 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. நாட்டு மீன் குஞ்சு, தவளை எல்லாவற்றையும் தின்றுவிடும். ஊத்தாவிலோ கச்சாவிலோ கெளுத்தி மாட்டினால் நாட்டுக் கெளுத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கரையில் நிறுத்துங்கள். இன்னொன்று: மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மீனுக்காக மடையைத் திறந்து கண்மாயை வற்றவைக்கக் கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பறவை கணக்கெடுக்க எங்களுக்குப் பேரே தெரியாதே?

பத்துப் பறவையில் தொடங்குங்கள். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், தாழைக்கோழி, ஆள்காட்டி, உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, புள்ளிமூக்கு வாத்து, மடையான். (மடையான் மடையருகே அசையாமல் நிற்கும் அந்தப் பழுப்புக் கொக்குதான். பறந்தால் மட்டும் வெள்ளை தெரியும்.) மாதம் ஒரே நாள், ஒரே இடம், காலையில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் நின்று, பார்த்ததை எண்ணிக்கையோடு இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். தெரியாத பறவையைத் தெரியாதது என்றே விடுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால் பிழை திருத்த ஆள் கிடைக்கும்.

பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காம இருக்கணுமா? பிள்ளைங்க கேக்குமா?

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். இரண்டும் வெளியார் போட்ட சட்டம் அல்ல, ஊர்க்கட்டுப்பாடு. பறவை எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரம் என்று ஊருக்குத் தெரியும். உங்கள் ஊரில் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கூட்டு மரத்திலிருந்து தள்ளி ஓர் இடத்தை வெடிக்க ஒதுக்குவதில் தொடங்கலாம்.

கல்வெட்டு கிடைச்சிருக்கு. எழுத்து மங்கலா இருக்கு. சாக்பீஸ் தடவிப் படிக்கலாமா?

கூடாது. சாக்பீஸால் கோடு இழுப்பவர் தனக்குத் தோன்றிய எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்தவர் அதையே உண்மை என்று படிப்பார். எண்ணெய், பெயிண்ட், கம்பிப் பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும்.

பக்கவாட்டு வெளிச்சம்தான் வித்தை. காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை வெயில் சாயும்போது படம் எடுங்கள். முடியாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், நேர் வெயிலில் தெரியாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். முழுக்கல்லுக்கு ஒரு படம், பிறகு இரண்டு வரிக்கு ஒன்றாக மேலிருந்து கீழ். ஒவ்வொன்றிலும் ஓர் அடிக்கோல் தெரிய வேண்டும். இடம், கல் எந்தத் திசை பார்க்கிறது, உயரம், அகலம் எழுதி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஈரக் காகிதத்தை ஒற்றி மை தட்டி எடுக்கும் மைப்படியைப் பயிற்சி பெற்றவர் வந்து எடுப்பார்.

நடுகல்லைச் சாமியா கும்பிடுறோம். வரலாற்றுச் சின்னம்னு சொன்னா கோவிலைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களே?

இந்தப் பயம்தான் பல கல்லை மறைத்து வைத்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம், இறந்த வீரர் நினைவாக நட்ட நடுகற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். படித்துப் பதிவு செய்த பிறகும் பல கற்கள் அதே இடத்தில் வழிபாட்டில்தான் இருக்கின்றன. படம் எடுத்துப் பதிவு செய்வதால் கும்பிடும் உரிமை போகாது. நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டே: எழுத்தின் மேல் பெயிண்டும் சிமெண்டும் பூசாதிருப்பது, புதுக் கோவில் கட்டும்போது பழைய கல்லை அஸ்திவாரத்தில் போடாதிருப்பது. பூசாரியை வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் இல்லாமல் படம் எடுக்காதீர்கள்.

தூர்வாரும்போது பெரிய பானை, எலும்பு மாதிரி வந்துச்சு. என்ன பண்ணணும்?

முதுமக்கள் தாழியாக (பழங்காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பானை) இருக்கலாம். வண்டியை நிறுத்துங்கள், எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டினால் பாதிச் செய்தி போய்விடும். இருந்த இடத்திலேயே அடிக்கோலோடு படம் எடுத்து, மேலே சாக்குப் போட்டு மண் மூடி, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் அன்றே சொல்லுங்கள். சிலை, காசு, நகை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "வீட்டில் பத்திரமாக வைத்திருந்தோம்" என்பது காவல் நிலையத்தில் நல்ல பதிலாக இருக்காது.

எங்க கோவில்காட்டைப் பல்லுயிர் மரபுத் தலமா அறிவிக்க முடியுமா? அறிவிச்சா ஆடுகூட மேய்க்க முடியாதாமே?

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி மாநில அரசு அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-இல் அறிவிக்கப்பட்டது, 193.215 ஹெக்டேர். அடுத்தது 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோவில் காடு, வெறும் 4.97 ஹெக்டேர். ஆக, சின்னக் காடு என்று தயங்க வேண்டாம். இது வனச் சரணாலயம் போன்றதல்ல. ஊர் தானாக விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு தவிர, வழிபாடு, மேய்ச்சல் போன்று ஏற்கெனவே இருக்கும் வழக்கங்களைத் தடுப்பதற்காக அல்ல இந்த அறிவிப்பு.

பாதை உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் தொடங்குகிறது. அவர்கள் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் காடும் கண்மாயும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் தாளாக இருந்தால், மேலே சொன்ன பறவைப் பட்டியலும் மரப் பட்டியலும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

சீமைக்கருவேலத்துலயே நாரை கூடு கட்டியிருக்கு. எடுக்கவா, விடவா?

கூடு இருக்கும் மரத்தை அந்தப் பருவத்தில் தொடாதீர்கள். கூட்டமாக முட்டையிடுவது பெரும்பாலும் வடகிழக்கு மழைக்குப் பின் தொடங்கிப் பங்குனி வரை போகும். எனவே வேலையை வைகாசி, ஆனிக்குத் தள்ளுங்கள். அப்போதும் காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கலாம். இயந்திரம் இறங்கும் முன் ஒருவர் நடந்து பார்க்கட்டும். தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது.

கூட்டு மரங்களைக் கடைசியாக, சில வருடங்களில், பகுதி பகுதியாக எடுங்கள். முதலில் பக்கத்தில் நாட்டுக் கருவேலம் வைத்து அது கூடு தாங்கும் அளவு வளரட்டும். ஒரே நாளில் துப்புரவாக எடுத்தால் படம் நன்றாக வரும், பறவை வராது.

வரத்துக்காலை மறிச்சிருக்கவர் எங்க மாமா. எப்படிப் பேசுறது?

பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள், அளவைச் சொல்லித் தொடங்குங்கள். நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் அளவுகள் உள்ள புலப்படத்தையும் வருவாய்த் துறை இணையதளத்தில் எடுத்து, வாய்க்கால் எத்தனை மீட்டர் அகலம் என்று பார்த்து, முழு நீளத்துக்கும் நில அளவைக்கு மனு போடுங்கள். மாமா நிலத்துக்கு மட்டும் அளந்தால் பகை. மேலிருந்து கீழ்வரை அளந்தால் அவரும் பத்தில் ஒருவர். பலர் அளவுக்கல் நட்டவுடனேயே விலகிக்கொள்வார்கள், குறிப்பாக அறுவடை முடிந்த பிறகு கேட்டால்.

விலகாவிட்டால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கையெழுத்து தனி ஆளாகப் போடாதீர்கள், ஆயக்கட்டு விவசாயிகள் பத்துப் பேராவது சேர்ந்து போடுங்கள். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கும் நீங்கள் போக வேண்டியிருக்கிறது.